இரண்டு பக்கமும் ஒரே ஃபங்ஷனல் மொழி: நடுவில் வரும் பிழை ஒழியுமா?

மார்ச் 9, 2025

முன்பக்கத்துக்கு ஒரு மொழி, சர்வருக்கு ஒரு மொழி என்று எழுதி எழுதிச் சலித்துப் போனவன் நான். இப்போது எங்கள் அடுக்ககத்துப் பராமரிப்புக் கணக்குக்கு ஒரு சின்ன ஆப் எழுத உட்கார்ந்திருக்கிறேன். 64 வீடு, மாதக் கட்டணம், தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், அவ்வளவுதான் சமாச்சாரம். இரண்டு பக்கத்தையும் கிளீம் என்ற ஒரே ஃபங்ஷனல் மொழியிலேயே (நிரலை ஃபங்ஷன்களாகவே கோத்து எழுதும் வகை) எழுதப் போகிறேன். சர்வருக்கு எர்லாங் என்ற மொழியாகக் கம்பைல் ஆகும், அதாவது மாற்றப்படும், பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட்டாக. டைப், அதாவது எந்தத் தரவு எந்த வகை என்ற வரையறை, எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும், ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்ந்து உடையும், எங்கெங்கே உடைந்தது என்று கம்பைலர் வரி எண்ணோடு சொல்லிவிடும். ஆக இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வருகிற பிழை என்ற இனமே இனி கிடையாது. இதுதான் என் வாதம். தப்பு என்றால் சொல்லுங்கள்.

மார்ச் 9, இரவு

"இதற்கு நோட் போதாதா, டைப்ஸ்கிரிப்ட் போட்டால் டைப்பும் பகிரலாமே, ஃபங்ஷனல் எதற்கு" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. நோட் என்றால் ஜாவாஸ்கிரிப்ட்டைச் சர்வரில் ஓட்டுவது, டைப்ஸ்கிரிப்ட் என்றால் டைப் சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட். டைப்ஸ்கிரிப்ட்டில் டைப் எல்லாம் ஓடும்போது காணாமல் போய்விடும். சர்வரிலிருந்து வந்த ஜேசானை (இரண்டு பக்கமும் தரவைப் பரிமாறும் எழுத்து வடிவம்) பார்த்து "இது ரசீது" என்று நாமே சத்தியம் செய்துகொள்ளலாம், கம்பைலர் நம்பிவிடும். சரிபார்க்க நூலகங்கள் உண்டு, ஆனால் அதைப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். எல்ம் என்ற இன்னொரு ஃபங்ஷனல் மொழியிலும் கிளீமிலும், வருகிற ஜேசானைப் படித்துச் சரிபார்க்கும் டிகோடர் எழுதாமல் உள்ளே விடவே மாட்டார்கள், வாசலில் செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும்.

இன்னொன்று, எது பகிரக்கூடியது என்பது ஃபங்ஷனல் மொழியில் தானாகவே தெரிகிறது. கட்டணம் கணக்கிடுவது, தேதியைச் சரிபார்ப்பது, ரசீதை வரைவது எல்லாம் உள்ளே ஒன்று வாங்கி வெளியே ஒன்று தருகிற சுத்தமான ஃபங்ஷன்கள். டேட்டாபேஸைத் தொடுவது, நெட்வொர்க்கைத் தொடுவது எல்லாம் ஓரத்தில் தனியாக நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இப்படி எழுதலாம்தான். நான் எழுதியதில்லை.

மார்ச் 12

இது புது யோசனை என்று யாரோ உற்சாகப்பட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் பழங்கதை. 2006-லேயே எடின்பரோவில் ஃபிலிப் வாட்லரும் அவரோடு இருந்தவர்களும் லிங்க்ஸ் என்ற மொழியைச் செய்தார்கள். ஒரே நிரல், அதில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பக்கத்தில் இது கிளையன்ட், இது சர்வர் என்று குறித்துவிட்டால் போதும், டேட்டாபேஸ் கேள்விகளைக்கூட அதுவே எஸ்கியூஎல்லாக மாற்றிக்கொள்ளும். ஏறத்தாழ அதே சமயத்தில் பிரான்ஸில் மானுவேல் செரானோ ஸ்கீம் என்ற மொழியை வைத்து ஹாப் என்பதைச் செய்தார். ஓகேமல் என்ற மொழியில் எழுதுபவர்களுக்கு எலியோம் இருக்கிறது, ஒரே ஃபைலில் ஒரு வரி சர்வரில் ஓடும், அடுத்த வரி பிரவுசரில் ஓடும். ஆடம் சிலிபாலாவின் உர்/வெப் இன்னும் ஒரு படி மேலே போய், உடைந்த எஸ்கியூஎல்லையோ இல்லாத பக்கத்துக்கு லிங்க்கையோ கம்பைல் ஆகவே விடாது. 2011-இல், குளோஜர் மொழியை ஜாவாஸ்கிரிப்ட்டாக்கும் குளோஜர்ஸ்கிரிப்ட் வந்தது.

அப்படியும் ஊர் முழுக்க ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்தான். ஏன் என்று என்னிடம் பதில் கிடையாது, ஒரு சந்தேகம்தான் இருக்கிறது. எலியோம் மாதிரியானவற்றில் ஒரு ஃபைலைத் திறந்தால் எந்த வரி எங்கே ஓடுகிறது என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று ஃபோல்டர், கிளையன்ட், சர்வர், பொது, என்று பிரித்து வைக்கும் கிளீம் வழி மந்தமாகத் தெரிந்தாலும் எனக்கு அதுதான் தூக்கம் தருகிறது.

மார்ச் 16

ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழி ஏன் வேண்டாம் என்றால்: 2019-இல் அதை ஜாவாஸ்கிரிப்ட்டாக்கும் ஜிஹெச்சிஜேஎஸ் வைத்து முயன்றேன். 8 ஜிபி லேப்டாப். இரவு பில்டு போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் மெமரி போதாமல் செத்துக் கிடக்கும். ஒருவழியாக ஓடியபோது ஒரு பட்டன் இருக்கும் பக்கத்துக்குச் சில எம்பி ஜாவாஸ்கிரிப்ட். இன்று நிலைமை வேறு, 2023-இல் வந்த ஹாஸ்கெல் கம்பைலர் ஜிஹெச்சி 9.6-இலேயே ஜாவாஸ்கிரிப்ட் பக்கமும் வெப்அசெம்பிளி பக்கமும் சோதனை நிலையில் சேர்ந்துவிட்டன. ஆனால் சூடு கண்ட பூனை.

ஹாஸ்கெலின் சர்வன்ட் நூலகத்தை மட்டும் இன்னும் நினைத்து ஏங்குகிறேன். ஏபிஐ (சர்வரிடம் என்னென்ன கேட்கலாம் என்ற வரையறை) முழுவதையும் ஒரு டைப்பாக எழுதிவிட்டால் சர்வர், கிளையன்ட், ஆவணம் மூன்றும் அதிலிருந்தே பிறக்கும். கிளீமில் அந்த மாதிரி வித்தை ஒன்றும் கிடையாது, டைப்கிளாஸும் இல்லை மேக்ரோவும் இல்லை, ஜேசானாக்கும் என்கோடரையும் அதைப் படிக்கும் டிகோடரையும் கையால்தான் எழுத வேண்டும். எடிட்டரே எழுதித் தருகிறது என்பதால் கை வலிக்கவில்லை.

மார்ச் 23

சரி, முதல் அடி விழுந்தது. விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மார்ச் 9 அன்று நான் அடித்த சவடாலை இதுதான் கவிழ்த்தது.

தண்ணீர் லாரிக்காரர் 12 கிலோலிட்டர் என்று பில் தருவார். எங்கள் பொருளாளர் மாமா வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா விடமாட்டார், சம்ப்பில் குச்சி விட்டு அளந்து 11.5 என்று எழுதுவார். அதனால் அளவு என்ற ஃபீல்டை ஃப்ளோட் (தசம எண்) என்று வைத்தேன். பெட்டியில் 12 என்று மொட்டையாகத் தட்டினால் கிளீம் அதை ஃப்ளோட்டாகப் படிக்க மறுக்கும், புள்ளி வைத்து 12.0 என்று இருந்தால்தான் ஏற்கும். இதை முதல் நாளே பார்த்து, முழு எண்ணாகப் படித்து ஃப்ளோட்டாக்கும் வழியையும் சேர்த்திருந்தேன். அதனால்தான் இந்த இடத்தில் எனக்கு அவ்வளவு தெம்பு.

போன வாரம் அவர் கூப்பிட்டார். "தம்பி, 11.5 போட்டா எடுத்துக்குது, 12 போட்டா எடுக்க மாட்டேங்குது. லாரிக்காரன் முழுசா ஊத்தினது உன் ஆப்புக்கே நம்பிக்கை இல்லையா?"

நடந்தது இதுதான். பிரவுசர் பக்கம் 12.0 என்பதும் 12 என்பதும் ஒன்றே, ஜாவாஸ்கிரிப்ட்டில் எல்லாம் ஒரே வகை எண். ஜேசானாக்கும்போது அது 12 என்று போகும். சர்வர் பக்கம் எர்லாங், அங்கே 12 முழு எண், 12.0 தசம எண், இரண்டும் இரண்டு சாதி. ஃப்ளோட் டிகோடர் 12-ஐப் பார்த்து, எனக்கு ஃப்ளோட் வேண்டும் இது இன்ட் (முழு எண்) என்று திருப்பி அனுப்பிவிட்டது. 11.5 மட்டும் தப்பிக்கும், புள்ளி இருக்கிறதே.

இதில் என்னைக் கடுப்பேற்றியது டெஸ்ட். என்கோட் செய்து டிகோட் செய்தால் அதே மதிப்பு வருகிறதா என்று பொது ஃபோல்டரில் டெஸ்ட் எழுதியிருந்தேன், அதில் 12.0-வும் இருந்தது. எர்லாங்கில் ஓட்டினால் பாஸ், 12.0 என்று எழுதி 12.0 என்று படிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓட்டினால் அதுவும் பாஸ், 12 என்று எழுதி 12 என்று படிக்கிறது. ஒன்றில் எழுதி இன்னொன்றில் படித்தால் மட்டும்தான் ஃபெயில், அப்படி ஒரு டெஸ்ட்டை ஓட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மொழி ஒன்றுதானே என்ற எண்ணம்தான் தோன்றவிடாமல் செய்தது. இரண்டு மொழியாக இருந்திருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பேன்.

டிகோடரில் ஃப்ளோட் அல்லது இன்ட், எது வந்தாலும் ஃப்ளோட்டாக்கு என்று மாற்றியாகிவிட்டது. நாலு வரி.

மார்ச் 24

நேற்று எழுதியதைப் படித்தால் கிளீம் மேல் பழி போட்ட மாதிரி இருக்கிறது. ஜேசானிலேயே முழு எண், தசம எண் என்ற பேதம் கிடையாது, எண் என்று ஒன்றுதான். அதோடு தண்ணீர் அளவுக்கு ஃப்ளோட் வைத்தது என் மடமை, லிட்டரில் முழு எண்ணாக 11500 என்று வைத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. பணத்தை மட்டும் ஒழுங்காகப் பைசாவில் இன்ட் ஆக வைத்திருக்கிறேன். அதில் பிழை வராது.

ஏப்ரல் 2

அதிலும் வந்தது. பணத்தில் இல்லை, பதிவின் ஐடியில். ஒவ்வொரு பதிவுக்கும் சர்வரின் நேரத்தை நானோசெகண்டில் எடுத்து அதையே ஐடியாக வைத்திருந்தேன், சோம்பேறித்தனம்தான். 19 இலக்க எண். எர்லாங்கில் இன்ட் எவ்வளவு பெரிதானாலும் தாங்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் 9007199254740992, அதாவது 2-இன் 53-ஆம் அடுக்கு, அதற்கு மேலே போனால் எண்கள் இடைவெளி விட்டுத் தாவ ஆரம்பிக்கும். என் ஐடிகள் இருந்த உயரத்தில் 256, 256 ஆகத் தாவும். ஆக மாமா ஒரு பதிவை நீக்கச் சொன்னால் பிரவுசர் கடைசி இலக்கங்களை மாற்றி அனுப்புகிறது, சர்வர் அப்படி ஒரு பதிவே இல்லை என்கிறது. டைப் இரண்டு பக்கமும் இன்ட். கம்பைலர் திருப்தியாக இருக்கிறது.

கிளீமின் ஆவணத்தில் இதைத் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பிழை வந்த பிறகுதான் போய்ப் படித்தேன். ஐடி இப்போது ஸ்ட்ரிங்.

ஏப்ரல் 6

இது கிளீமுக்கு மட்டும் வந்த வியாதியா என்று கேட்டவருக்கு: இல்லை. ஓகேமலின் இன்ட் சர்வரில் 63 பிட், ஜேஎஸ் ஆஃப் ஓகேமல் வழியாகப் பிரவுசருக்கு வந்தால் 32 பிட். ஹாஸ்கெலின் இன்ட் சர்வரில் 64, ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் 32. குளோஜரில் 64 பிட் லாங், குளோஜர்ஸ்கிரிப்ட்டில் ஜாவாஸ்கிரிப்ட் எண்ணேதான். ஸ்காலா.ஜேஎஸ் மட்டும் அடம்பிடித்து 64 பிட் லாங்கை அப்படியே போலச் செய்து தருகிறது.

ஜாவாஸ்கிரிப்ட்டாக மாறும் பியூர்ஸ்கிரிப்ட் மொழியை இரண்டு பக்கமும் போட்டு, சர்வரில் நோட் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே கிடையாது, இரண்டு பக்கமும் ஓடுவது ஜாவாஸ்கிரிப்ட்தான். இங்கேதான் எனக்கு மண்டையில் உறைத்தது. மொழி ஒன்றாக இருப்பது வேறு, அது ஓடுகிற இயந்திரம் ஒன்றாக இருப்பது வேறு. நான் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை எதிர்பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் பியூர்ஸ்கிரிப்ட்டுக்கே போயேன் என்பீர்கள். போகமாட்டேன். சர்வரில் எனக்கு எர்லாங் வேண்டும், ஒரு பிராசஸ் (தனியாக ஓடும் சின்ன வேலை) விழுந்தால் பக்கத்துப் பிராசஸுக்குத் தெரியாமல் எழுந்து நிற்கிற அந்தக் குணத்துக்காகவே வந்தேன்.

ஏப்ரல் 13

இன்று விடுமுறை, ஒரு இனிமையான பிழை. பொதுவில் எழுதிய ஃபங்ஷன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடினால் நல்லதுதானே என்பவர்களுக்கு.

வீட்டுக்காரர் பெயர் 30 எழுத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு சரிபார்ப்பு. கிளீமில் "தமிழ்" என்ற சொல்லின் நீளம் 3, நாம் எண்ணுகிற மாதிரியே, இரண்டு பக்கமும். எல்மில் இதே சொல் 5, ஓகேமலில் பைட்டாக எண்ணி 15 என்னும். இதைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். (க்ஷ-வை மட்டும் இரண்டாக எண்ணும். அதை ஒரே எழுத்து என்பவர்கள் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.)

அப்புறம் தேடல். "கோவிந்தன்" என்று தேடினால் ஒரு வீடு வருகிறது, இன்னொரு வீட்டுக் கோவிந்தன் வரவில்லை. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. காரணம், "கோ" என்பதை ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். யூனிகோடு இரண்டையும் ஒன்றாகவே கருதச் சொல்கிறது, ஸ்ட்ரிங்கை அப்படியே ஒப்பிட்டால் ஒன்றாகாது. என் தேடல் ஃபங்ஷன் பொது ஃபோல்டரில் இருக்கிறது. ஆகவே பிரவுசரும் இவர் வேறு அவர் வேறு என்கிறது, சர்வரும் ஆமாம் ஆமாம் வேறுதான் என்கிறது. இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் ஒருவராவது உளறி மாட்டியிருப்பார். பகிர்ந்த குறியீட்டில் பிழையும் பகிர்ந்துதான் வரும்.

இதைச் சரிசெய்யக் கிளீமை விட்டு வெளியே போக வேண்டி வந்தது. எர்லாங்கில் யூனிகோடு சீராக்க ஒரு ஃபங்ஷன் ஏற்கெனவே உண்டு, ஜாவாஸ்கிரிப்ட்டிலும் ஸ்ட்ரிங்குக்கே நார்மலைஸ் உண்டு. ஒரே ஃபங்ஷன் தலைப்பு, அதன் மேலே எர்லாங்கில் இதைக் கூப்பிடு, ஜாவாஸ்கிரிப்ட்டில் அதைக் கூப்பிடு என்று இரண்டு வரி. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு வரியைக் கம்பைலர் சரிபார்க்காது, நாம் சொல்லும் டைப்பை அப்படியே நம்பும். டைப்ஸ்கிரிப்ட்டைக் கிண்டலடித்தேனே, அதே சத்தியம்தான்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள். பெயரெல்லாம் சீராகிவிட்டது.

ஏப்ரல் 27

இது எல்லாவற்றையும்விடப் பெரியது, எண் சம்பந்தப்பட்டதும் இல்லை.

கட்டண நிலை என்ற டைப்பில் இரண்டு வேரியன்ட் இருந்தன, கட்டியாயிற்று, பாக்கி. வீட்டுக்காரர் ஒருவர் பாதிப் பணம் கொடுத்தார். பகுதி என்று மூன்றாவது வேரியன்ட் சேர்த்தேன். கம்பைலர் பதினோரு இடத்தைக் காட்டியது, எல்லாவற்றையும் திருத்தினேன், சனிக்கிழமை இரவு ஏற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் மாமா: "தம்பி, பட்டியலே வெள்ளையா இருக்கு."

அவர் ஃபோனில் டேபை மூடுவதே இல்லை. ஒன்பது நாளாகத் திறந்தே கிடந்த பக்கம், அதில் ஓடுவது ஒன்பது நாள் பழைய குறியீடு. அதற்குப் பகுதி என்றால் என்னவென்றே தெரியாது. பட்டியல் டிகோடரில் ஒரு உருப்படி தோற்றால் பட்டியல் மொத்தமும் தோற்கும். ஒரு வீடு பாதிப் பணம் கட்டியதால் 64 வீடும் காணாமல் போனது.

எல்லா இடத்தையும் திருத்திவிட்டாய் என்று கம்பைலர் சொன்னது பொய்யில்லை. அது சொன்னது அன்று அதன் முன்னால் இருந்த குறியீட்டைப் பற்றி. மாமாவின் ஃபோனில் இருப்பது அதற்குத் தெரியாது. ஒரே ரெப்போ, ஒரே மொழி, ஒரே கம்பைல் என்று நான் பெருமையடித்த அந்த ஒற்றுமை ஏற்றுகிற அந்த நிமிடத்துக்கு மட்டும்தான். பழைய வேலையில் எல்மும் தனி சர்வருமாக எழுதியபோது ஏபிஐக்கு வெர்ஷன் போடுவோம், பழைய கிளையன்ட் உண்டு என்று எப்போதும் நினைப்பிருக்கும். இங்கே அந்த நினைப்பே எனக்குப் போய்விட்டிருந்தது.

ஏப்ரல் 28

"எந்த மொழியும் இதைப் பார்த்துக்கொள்வதில்லை" என்று நேற்று ஒரு வரி எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். லாம்டெராவை மறந்துபோனேன், நினைவூட்டியவருக்கு நன்றி. அது இரண்டு பக்கமும் எல்ம், ஜேசானே எழுத வேண்டாம், அனுப்பும் செய்தியின் டைப்பிலிருந்து அதுவே பைட்டுகளாக்கிக்கொள்ளும். முக்கியமானது, டைப்பை மாற்றிவிட்டு ஏற்றப் போனால் பழைய வடிவத்திலிருந்து புது வடிவத்துக்குக் கொண்டுவரும் ஃபங்ஷனை எழுது என்று நிறுத்திவிடும். சர்வரின் நிலைக்கு மட்டும் இல்லை, திறந்து கிடக்கும் டேபின் நிலைக்கும் சேர்த்து. மாமாவின் டேப் அங்கேயே, அவருக்குத் தெரியாமலே, புது ஆளாகியிருக்கும்.

விலை உண்டு, அந்த மேடையில்தான் ஓட வேண்டும், சர்வரின் தரவு மெமரியில் ஒரு மாடலாக இருக்கும். எனக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வேண்டும். ஆனாலும் இந்தப் பிரச்சினையை நேருக்கு நேர் பார்த்தவர்கள் அவர்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மே 11

இதையெல்லாம் பார்த்து மறுபடி இரண்டு மொழிக்குப் போகிறாயா என்று கேட்கிறார்கள். இல்லை.

பொது ஃபோல்டரை இன்று எண்ணிப் பார்த்தேன், மொத்தக் குறியீட்டில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. நெட்வொர்க்கைத் தொட்டாலே பாதை பிரிகிறது, சர்வர் பக்கம் கேட்டால் பதில் நேராக வரும், பிரவுசர் பக்கம் ப்ராமிஸாக (பிறகு தருகிறேன் என்ற வாக்காக) வரும், டைப்பே வேறு. எர்லாங் பிராசஸ் சம்பந்தப்பட்ட எதுவும் பிரவுசருக்கு வராது. ஆக பகிர்வது கொஞ்சம்தான்.

ஆனால் அந்தக் கொஞ்சத்தில் ரசீது இருக்கிறது. மாமா ஃபோனில் தொகையைத் தட்டத் தட்ட ரசீது கீழே உருவாகிக்கொண்டே வரும், தாமதக் கட்டணம், எழுத்தில் தொகை எல்லாம். சேமித்ததும் சர்வர் அதே ஃபங்ஷனை எர்லாங்கில் ஓட்டி ஹெச்டிஎம்எல்லாக்கி வீட்டுக்காரருக்கு மெயிலில் அனுப்புகிறது. ஒரு வரிகூட இரண்டு முறை எழுதவில்லை. எழுத்தில் தொகை எழுதும் ஃபங்ஷன் மட்டும் எவ்வளவு பாடு தெரியுமா, தொள்ளாயிரத்துக்கும் ஒன்பதாயிரத்துக்கும் நடுவில் நான் பட்ட அவஸ்தையை இரண்டு மொழியில் பட்டிருக்க முடியாது.

கிளீமில் திரையை எழுத உதவும் லஸ்டர் நூலகத்தில் சர்வர் கம்போனென்ட் உண்டே, எலிக்சிர் மொழியின் லைவ்வியூ மாதிரி எல்லாவற்றையும் சர்வரிலேயே ஓட்டி மாற்றத்தை மட்டும் வெப்சாக்கெட்டில் (திறந்தே இருக்கும் இணைப்பில்) அனுப்பினால் பழைய டேப் பிரச்சினையே இல்லையே என்றவருக்கு: யோசித்தேன். மாமா கணக்கு எழுதுவது பெரும்பாலும் பேஸ்மென்ட்டில், சம்ப் பக்கத்தில் நின்றுகொண்டு. அங்கே ஒரு கட்டைகூட சிக்னல் கிடையாது.

மே 18

பழைய டேபுக்கு நான் செய்த தீர்வு ஒன்றும் பிரமாதமில்லை. சர்வரின் ஒவ்வொரு பதிலோடும் ஒரு வெர்ஷன் எண் போகிறது. பிரவுசரில் இருப்பது பழையது என்றால் மேலே மஞ்சள் பட்டையில் "புதிய பதிப்பு வந்துள்ளது, இங்கே தொடவும்" என்று வரும். பட்டியல் டிகோடரும் இப்போது தெரியாத நிலையைப் பார்த்தால் அந்த ஒரு வரியை மட்டும் சாம்பல் நிறத்தில் காட்டிவிட்டு மற்றதைக் காட்டும்.

நேற்று ஏற்றினேன். இன்று காலை மாமா கூப்பிட்டார். "தம்பி, ஆப்பு நல்லாத்தான் இருக்கு. மேல மஞ்சளா ஏதோ விளம்பரம் வருது பாரு, அதை மட்டும் எடுத்துவிடு."